நொச்சி மட்டும் சூடிய அணி

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தைப் பற்றியோ, மாதோட்டப் பழந்துறையைப் பற்றியோ யாம் எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் வேண்டும். தமிழாசிரியரிடம் வேறெதனை எதிர்பார்ப்பர்? அவ்விரு பொருளையும் பெரியோர் பலர் எழுதி நிறைத்துள்ளனர். யாம் எழுத எடுத்துக்கொண்டதோ எம் கல்லூரியின் உதைபந்தாட்டக் குழுவைப் பற்றி. சிரிப்பவர் சிரிக்க. பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் சான்றிதழ் எம்மிடம் உண்டு. விளையாட்டுப் பயிற்றுநர் என்னும் சான்றிதழ் இல்லை. ஓவ்சைட் விதியை எமக்கு விளங்கவைத்தவன் ஒன்பதாந் தரத்து மாணவன் ஒருவன். ஆயினும், இருபதாண்டுகளாக மைதானத்து வேப்பமர நிழலில் நின்று, வெயிலிலும் மணற்காற்றிலும் எம் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்து வந்த ஒருரிமை எமக்குண்டு. அவ்வுரிமை கொண்டே எழுதுகின்றோம்.

கடந்த ஆண்டு நடந்த சுற்றுப்போட்டியின் அரையிறுதி ஆட்டத்தை நேரிற் கண்டவர்கள் பலர் இம்மலரைப் படிப்பர். எதிரணியின் பெயர் இங்கு வேண்டா. அவர்கள் நன்றாக ஆடினார்கள், வென்றார்கள், அவர்கள்மேற் குறையேதுமில்லை. நாணயச் சுழற்சியில் எம்மவர் வென்று, சோளகக் காற்று முதுகுப்புறமாக வீசும் பக்கத்தைத் தெரிந்தெடுத்தனர். அதுவரை எல்லாஞ் சரியே. நடுவரின் ஊதல் ஒலித்ததும் எம்மவருள் ஐவர் எம் கோற்கம்பத்தின் முன்னே வரிசையாய் நின்றனர். அவ்வரிசைக்குச் சற்று முன்னே நால்வர் மற்றொரு வரிசையாயினர். ஒருவன் மட்டும் நடுவட்டத்தருகே தனித்து நின்றான். நெய்தற்கு இரங்கல் உரிப்பொருள் என்று ஆண்டுதோறும் கற்பித்து வருகின்றோம். கடலைப் பார்த்தபடி தனியே நின்று ஏங்கும் தலைவியின் நிலையை இக்காலத்து மாணவர்க்கு எவ்வாறு விளக்குவது என்று தடுமாறிய நாள்களும் உண்டு. இனித் தடுமாற வேண்டியதில்லை. எம் முன்கள வீரன் நின்ற நிலையைச் சுட்டிக்காட்டினாற் போதும்.

பந்து எம் பின்களத்திற்கு வரும். அங்கு நின்றவன் அதனை ஓங்கி உதைப்பான். பந்து எங்கே போகின்றது, யாரிடம் போகின்றது என்பது அவன் கவலையன்று. அது தன்னை விட்டுப் போனாற் போதும். காற்றும் துணைசெய்தலால் அப்பந்து எம் தனிவீரனின் தலைக்கு மேலாய்ப் பறந்து, எதிரணியின் எல்லைக்கோட்டையுங் கடந்து, வேலியருகே போய் விழும். எதிரணியினர் அதனை எடுத்து வந்து மீண்டும் ஆட்டத்தைத் தொடங்குவர். மீண்டும் எம்மை நோக்கி வருவர். இடைவேளை வரைக்கும் எம்மவர் எதிர்க் கோலை நோக்கி உதைத்த உதைகளை எண்ணினோம். எண்ணுதற்கு ஒரு விரலே போதுமாயிற்று.

இடைவேளைக்குப் பின்பு பக்கம் மாறிற்று. காற்றும் எம்மவர் முகத்தில் அறைந்தது. மன்னார்க் காற்றைப் பற்றி இவ்வூரவர்க்கு யாம் சொல்ல வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டின் இறுதியிலே தீவின் தென்கரையிலே தம்பபவனி மின்னிலையத்துக்கென முப்பது காற்றாலைகளை நிறுத்தியவர்கள் அழகுக்காக நிறுத்தவில்லை. அத்தகைய காற்றிற்கு எதிரே ஓங்கி உதைத்த பந்து என்ன ஆகும்? வானிலே ஒரு கணம் நிற்கும்; யோசிப்பது போலத் தோன்றும்; பின்பு உதைத்தவனை நாடியே திரும்பி வரும். வேறு ஊர்களில் உயர உதைத்து ஆபத்தைத் தள்ளிப்போடுதல் ஓரளவேனும் பயன்தரக்கூடும். எம் கரையிலே அஃது ஆபத்தைத் தள்ளுவதன்று; அழைப்பது. சோளகத்துக்கெதிரே பந்தை நிலத்தோடு நிலமாகத் தள்ளி, ஒருவனிடமிருந்து மற்றொருவனுக்குக் கொடுத்துச் செல்வதன்றி வேறு வழியில்லை என்பதனைப் பேசாலைக் கடற்கரையிலும் பள்ளிமுனையிலும் மாலைதோறும் ஆடும் சிறுவர் எவரிடங் கேட்டாலுஞ் சொல்வர்.

ஆட்டம் முடியப் பத்து நிமிடங்கள் இருக்கையில், மூலை உதையொன்றிலிருந்து எதிரணி ஒரு கோல் போட்டது. அதன் பின்பு நிகழ்ந்ததே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று. காப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்றானவுடன் எம் பிள்ளைகள் வேறு பிள்ளைகளாயினர். வலப்பக்கப் பின்கள வீரன் எல்லைக்கோட்டோரமாக ஓடினான். முன்பின் அவன் நடுக்கோட்டைத் தாண்டி யாம் கண்டதில்லை. நடுக்களத்து மூவர் பந்தை நிலத்திலேயே வைத்து முக்கோணம் முக்கோணமாகக் கொண்டு சென்றனர். தனித்து நின்ற தலைவிக்குத் துணைவர் வந்தனர். ஒருமுறை பந்து எதிரணியின் குறுக்குக் கம்பத்தில் மோதித் திரும்பிற்று. இருமுறை அவர்தம் பந்துகாப்பாளர் நீட்டிய கையே அவர்களைக் காத்தது. வேலியோரம் நின்ற சிறுவர்கள் தொண்டை கிழியக் கத்தினர். யாமும் கத்தினோம் என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம். நேரம் முடிந்தது. ஒன்றுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் தோற்றோம்.

தோல்வி எம்மை வருத்தவில்லை. அப்பத்து நிமிடங்களே வருத்தின. அத்தகைய ஆட்டம் எம் பிள்ளைகளிடம் இருந்தது. இருந்தும் எஞ்சிய நேரமெல்லாம் அதனைப் பூட்டி வைத்திருந்தோம். பூட்டியவர் யார்?

பயிற்றுநர் என்பர் சிலர். அது நேர்மையன்று. எம் பயிற்றுநர் தாமும் இக்கல்லூரியின் பழைய மாணவர். தம் அலுவல் முடிந்தபின் ஊதியமேதும் பெறாது வந்து பயிற்சி தருபவர். நாம் எதனைக் கேட்டோமோ அதனையே அவர் செய்தார். சில ஆண்டுகளுக்கு முன்பு ஓராட்டத்தில் ஆறு கோல்கள் வாங்கித் தோற்றோம். மறுநாள் ஆசிரியர் அறையில், 'வெல்லாவிட்டாற் போகட்டும், எண்ணிக்கையையாவது குறைக்க வேண்டும்' என்றொருவர் சொன்னார். சொன்னவர் வேறு யாருமல்லர். இக்கட்டுரை எழுதும் யாமே. அச்சொல் அதிபர் வழியாகவும் பழைய மாணவர் சங்கத்தின் வழியாகவும் மைதானத்தை அடைந்தது. எண்ணிக்கை குறைந்தது. ஒன்று, பூச்சியம், பூச்சியம், ஒன்று என்றாயிற்று. ஒரு முறை ஆட்டம் கோலின்றி முடிய, தண்ட உதைகளால் வென்றும் விட்டோம். அந்த வெற்றியே எம்மைக் கெடுத்தது என்று இப்பொழுது தோன்றுகின்றது. அரையிறுதி முடிந்த மாலையிற் பந்தலின் கீழ் ஒரு பழைய மாணவர், 'ஒண்டே ஒண்டுதானே, பரவாயில்லை. முந்தி அஞ்சு, ஆறெண்டு வாங்கின நாங்கள்தானே' என்றார். நின்றவரெல்லாம் தலையசைத்தனர். எம் தலையும் அசைந்தது.

இரு வாரங்கள் கழித்து, உயர்தர வகுப்பிற் புறநானூற்றின் 44ஆம் பாட்டை விளக்கிக்கொண்டிருந்தோம். கோவூர்கிழார் நெடுங்கிள்ளியைப் பாடியது. நலங்கிள்ளி ஆவூரை முற்றியிருக்கின்றான். நெடுங்கிள்ளியோ கதவை அடைத்து உள்ளே இருக்கின்றான். உள்ளே யானைகள் உணவின்றிப் பெருமூச்சு விடுகின்றன. குழந்தைகள் பாலின்றி அழுகின்றன. மகளிர் தலையிற் பூவில்லை. புலவர் அவன் முகத்துக்கு நேரே சொல்லுகின்றார்: அறவழி உனதாயின், 'இவ்வூர் உன்னுடையது' என்று சொல்லிக் கதவைத் திற, மறவழி உனதாயின், போரோடு திற. இரண்டுமின்றி மதிலுக்குள் ஒடுங்கியிருத்தல் நாணத்தக்கது. இதனை விளக்கிவிட்டு, ஐயமுளதாயிற் கேட்கலாம் என்றோம். பின் வாங்கிலிருந்து ஒரு கை உயர்ந்தது. கை உயர்த்தியவன் எம் குழுவின் முன்கள வீரன். நடுவட்டத்திலே தனித்து நின்றவன்.

'சேர், அப்ப நாங்கள் மட்டும் ஏன் கதவைப் பூட்டிக்கொண்டு விளையாடுறம்?'

வகுப்பு சிரித்தது. யாமும் சிரித்து, 'போர் வேறு, விளையாட்டு வேறு' என்று சொல்லி அடுத்த பாட்டுக்குப் போனோம். விடை தெரியாத ஆசிரியன் தப்பியோடும் சந்து அது. எமக்கும் அது நன்கு பழக்கமானதே. அம்மாணவன் அம்மாதமே பயிற்சிக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். அழைத்துக் கேட்டோம். அவன் கோபமேதுங் காட்டவில்லை. 'ஓடி ஓடிப் பந்தைப் பார்க்கிறதெண்டா, வேலிக்கு வெளியிலை நிண்டே பார்க்கலாம் சேர்' என்றான். இப்பொழுது அவன் தன் ஊர்க் குழுவோடு கடற்கரை மணலில் ஆடுகின்றான். ஒருநாள் மாலை அவ்வழியாகச் சென்ற யாம் துவிச்சக்கர வண்டியை நிறுத்திப் பார்த்தோம். மூன்று பேரைக் கடந்து சென்று கோல் போட்டான். எம் கல்லூரிச் சட்டையோடு அவன் அப்படி ஒருநாளேனும் ஆடியதில்லை; ஆட நாம் விட்டதில்லை.

அவன் கேட்ட கேள்விக்குரிய விடையைப் பின்பு எம் நூல்களிலேயே தேடினோம். புறப்பொருள் வெண்பாமாலை, எயிலை வளைத்தலை உழிஞை என்றும், எயிலைக் காத்தலை நொச்சி என்றும் இரு வேறு திணைகளாக வகுக்கின்றது. பன்னிரு திணையுள் இவை தனித்தனியே நிற்கின்றன. தொல்காப்பியரோ புறத்திணைகளை ஏழாகவே கொண்டார். அவ்வேழனுள் நொச்சி என்றொரு தனித்திணை இல்லை. மதிலை வளைத்தலும் மதிலைக் காத்தலும் அவருக்கு உழிஞை என்னும் ஒரே திணையின் இரு கூறுகள். எது சிறந்த பகுப்பு என்ற வழக்கை இலக்கண ஆசிரியரிடம் விட்டுவிடுவோம். உரையாசிரியர்கள் அதுபற்றி வேண்டுமளவு எழுதியுள்ளனர். மைதானத்தைப் பொறுத்தவரை யாம் தொல்காப்பியர் பக்கம். காப்பவனும் தாக்குபவனும் வேறு வேறு திணையினர் என்று வகுத்து, தாக்குதலையே கைவிட்ட குழு நம்முடையது. நொச்சிப் பூவைச் சூடினோம், தும்பையைத் தொடவேயில்லை.

மதிலின் வலிமை எவ்வளவு என்பதனை எம்மூரவர் நூலிற் படித்தறிய வேண்டியதுமில்லை. பெருநிலத்திலிருந்து பாலத்தால் வருவோர் எல்லாரும் மன்னார்க் கோட்டையைக் கண்டே ஊருக்குள் நுழைகின்றனர். போர்த்துக்கேயர் 1560இற் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் கையிலும், 1795இல் ஆங்கிலேயர் கையிலும் வீழ்ந்தது. மதில் இன்றும் நிற்கின்றது.

எமக்கு உதைபந்தாட்டத்தில் அறிவு குறைவாதலின், எம் ஒன்பதாந்தர ஆசானின் துணையோடு பழைய ஆட்டங்கள் சிலவற்றைத் தேடிப் படித்தோம். அவற்றுள் ஒன்று எம் வழக்குக்கென்றே நடந்தது போலிருந்தது. 1967ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள், போர்த்துக்கல்லின் தலைநகரான லிஸ்பனில், ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம். ஒருபுறம் இத்தாலியின் இன்டர் மிலான் கழகம். அதன் பயிற்றுநர் ஹெலெனியோ ஹெரேரா. அவர் கையாண்ட ஆட்டமுறைக்குக் கத்தெனாச்சியோ என்று பெயர். அவ்வித்தாலியச் சொல்லின் பொருள் கதவுத் தாழ் என்பது! கோவூர்கிழார் கேட்டிருந்தாற் புன்னகைத்திருப்பார். மறுபுறம் ஸ்கொட்லாந்தின் செல்டிக் கழகம். அதன் வீரரெல்லாம் தம் கழக மைதானத்திலிருந்து முப்பது மைல் சுற்றளவுக்குள் பிறந்த பிள்ளைகள். ஏழாவது நிமிடத்திலே இன்டர் ஒரு தண்ட உதையால் முன்னிலை பெற்றது. உடனே கதவு சாத்தப்பட்டது, தாழும் இடப்பட்டது. செல்டிக் வீரர் அலையலையாய் வந்தனர். பந்து இருமுறை குறுக்குக் கம்பத்தில் மோதியது. இன்டரின் பந்துகாப்பாளர் சார்த்தி ஒருவராய் நின்று ஓர் ஊரையே காத்தார். எத்தனை நேரம் காப்பார்? 63ஆம் நிமிடத்திற் கெம்மெல் தொலைவிலிருந்து உதைத்த பந்து வலையை அடைந்தது. ஆட்டம் முடிவுறும் தறுவாயிற் சால்மர்ஸ் இரண்டாவதைப் போட்டார். இரண்டுக்கு ஒன்று. எம்மைக் கவர்ந்த செய்தி வேறொன்று. கதவை முதலில் உடைத்த கெம்மெல் முன்கள வீரரல்லர். இடப்பக்கப் பின்கள வீரர்.

அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பு, நம் அயலிலும் இத்தகைய ஒன்று நிகழ்ந்தது. 1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் இந்திய அணி முதலாட்டத்திலேயே தென்கொரியாவிடம் தோற்றது. ரஹீம் என்னும் பெரும் பயிற்றுநர் அவ்வணியை நடத்தினார். மறு ஆண்டிலேயே நோயால் இறந்துபோனார். அவ்வணியின் பின்களத் தூண் ஜர்னைல் சிங். இடையிலோர் ஆட்டத்தில் அவர் தலையிற் காயம்பட்டுத் தையலிடப்பட்டது. தலைக் கட்டோடு அவரைப் பின்களத்தில் நிறுத்துவது தகாதெனக் கண்ட ரஹீம் என்ன செய்தார்? ஓய்விருக்கச் சொல்லவில்லை, முன்களத்திற்கு அனுப்பினார்! அரையிறுதியிலும் அவர் கோல் போட்டார். அதே தென்கொரியாவை எதிர்த்த இறுதியாட்டத்திலும் போட்டார். இரண்டுக்கு ஒன்று என வென்று இந்தியா பொற்பதக்கம் பெற்றது. காயம்பட்ட காவலனைக் கொண்டு கதவைத் திறந்த அந்த நெஞ்சுரத்தை எண்ணுந்தோறும் வியப்பு மேலிடுகின்றது.

இவ்விடத்தில் எம்மை மறுப்பார் உளர். 'கிறீஸ் நாட்டணி 2004இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது காப்பாட்டத்தாலன்றோ?' என்று எம் பயிற்றுநரே கேட்டார். நல்ல கேள்வி. ஒட்டோ ரெஹாகல் என்னும் ஜேர்மானியர் பயிற்றிய அவ்வணி, பிரான்சையும் செக் குடியரசையும் இறுதியிற் போர்த்துக்கல்லையும் ஒன்றுக்குப் பூச்சியம், ஒன்றுக்குப் பூச்சியம், ஒன்றுக்குப் பூச்சியம் என்றே வென்றது. அழகிய ஆட்டமென்று அதனை எவரும் புகழவில்லை. ஆயின் அந்த 'ஒன்று' எங்கிருந்து வந்தது என்பதையும் நோக்க வேண்டும். செக் அணியை வீழ்த்திய கோலைப் போட்ட தெல்லாஸ் பின்கள வீரர். மூலை உதைக்கு முன்னேறிச் சென்று தலையால் முட்டிப் போட்டார். காத்து நின்று, காலம் பார்த்துக் கதவைத் திறந்து பாய்ந்தவர்கள் அவர்கள். திறக்க ஒரு கணமும் எண்ணாதிருத்தல் வேறு. காப்பாட்டத்தை யாம் வெறுக்கவில்லை என்பதை இங்கு தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம். எம் பந்துகாப்பாளனும் ஐவர் வரிசையும் கடந்த ஆண்டிற் செய்த உழைப்பு பெரிது. அவர்களாலேயே ஒன்றோடு தப்பினோம். அவ்வுழைப்பால் என்ன வாங்கினோம் என்பதே எம் கேள்வி.

உதைபந்தாட்ட உலகமே ஒருகால் இந்நோய்வாய்ப்பட்டுப் பின்பு மருந்துண்டது. 1990இல் இத்தாலியில் நடந்த உலகக் கிண்ணத்தில் 52 ஆட்டங்களில் 115 கோல்களே போடப்பட்டன. பின்கள வீரர் பந்தைத் தம் காப்பாளரிடந் தள்ளுவதும், அவர் அதனைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்பதும், மீண்டுந் தள்ளுவதுமாக ஆட்டங்கள் கழிந்தன. 1992இல் விதி மாறிற்று. தம்மவர் வேண்டுமென்றே காலால் தள்ளிய பந்தைக் காப்பாளர் கையாற் பிடித்தலாகாது என்றாயிற்று. 1994ஆம் ஆண்டு உலகக் கிண்ணம் முதலாக வெற்றிக்கு இரண்டு புள்ளிக்குப் பதில் மூன்று புள்ளி தரப்பட்டது. சமநிலைக்காக ஆடுபவன் நட்டப்படட்டும் என்பதே அதன் கருத்து.

நம் நாட்டுச் செய்தியொன்றையும் சொல்லுதல் வேண்டும். 2021 நவம்பரிற் கொழும்பில் நடந்த நான்கு நாட்டுச் சுற்றுப்போட்டியில் இலங்கை அணி மாலைதீவு அணியிடம் நான்கு கோல்கள் பின்தங்கி நின்றது. போனது போனதென்று வானொலியை நிறுத்தியவர்கள் இருப்பர். பின்பு இலங்கையர் நான்கு கோல்களைப் போட்டு, நாலுக்கு நாலு எனச் சமநிலை கண்டனர். அக்காலத்துத் தேசிய அணியிற் பின்கள வீரராய் விளங்கியவர் எம் மன்னார் மண் தந்த டக்சன் பியூஸ்லஸ். 2022இல் மாலைதீவில் இளவயதிலே மறைந்தார். இத்தீவின் கடற்கரை மணல் அத்தகையோரை ஆக்கவல்லது என்பதற்காகவே அவரை இங்கு நினைக்கின்றோம். அன்றைய ஆட்டத்திலும், எம் பிள்ளைகளின் கடைசிப் பத்து நிமிடங்களிலும் ஒரே கேள்விதான் எம் நெஞ்சில் எழுகின்றது. இழந்தபின் வருகின்ற துணிவு, இழக்குமுன் வந்தால் ஆகாதோ?

ஏன் வருவதில்லை என்பதைச் சிந்தித்தோம். சிந்தனை மைதானத்தை விட்டு எம் வாழ்நாளுக்குள் சென்றது. எம் வயதினர் வளர்ந்த காலம் எல்லார்க்குந் தெரியும். 1990இல் தகர்க்கப்பட்ட மன்னார்ப் பாலத்தின் இடத்திற் புதுப் பாலம் 2010இலேதான் திறக்கப்பட்டது. எம் இளமை முழுதும் அவ்விரண்டு ஆண்டுகளுக்கிடையே அடங்கிவிட்டது. தலையைக் குனிந்து போ, இருட்டுமுன் வீடு வந்து சேர், முன்னுக்கு நில்லாதே, கேட்டாற் தெரியாதென்று சொல் என்பனவே எம் பெற்றோர் எமக்குக் கற்பித்த நீதிநூல். அவர்கள் கற்பித்தது சரியே. அந்நூலைக் கற்றமையாலேதான் எம்மிற் சிலர் இன்று உயிரோடிருந்து விழா மலருக்குக் கட்டுரை எழுதுகின்றோம். ஆனால் இன்று எம் குழுவில் ஆடும் பிள்ளைகள் போர் ஓய்ந்த 2009ஐ அண்டிப் பிறந்தவர்கள், அதனைக் காணாதவர்கள். அவர்களிடமில்லாத அச்சத்தை அவர்கள் கையில் ஒப்படைத்தவர்கள் நாம்.

மைதானத்தில் மட்டுமோ? இதனை எழுதுகையில் எம் மேசைமேல் முப்பத்தெட்டுக் கட்டுரைப் பயிற்சிக் கொப்பிகள் கிடக்கின்றன. எடுத்துப் பார்த்தோம். பிழைகள் மிகக் குறைவு. எல்லாம் சிறு சிறு வசனங்கள். எல்லாரும் எழுதும் வசனங்கள். தான் கண்டதொன்றைத் தன் சொல்லால் சொல்லப் புகுந்து தடுக்கி விழுந்தவன் ஒருவனும் இல்லை. ஆண்டுக்கணக்காகச் சிவப்பு மையால் யாம் ஒவ்வொரு பிழையையும் வட்டமிட்டோம். துணிந்தெழுதிய வசனத்துக்கு ஒரு புள்ளியேனும் கூட்டி இட்டோமா? நினைவில்லை. முப்பத்தெட்டுப் பேரும் கோல் வாங்காமல் எழுதியிருக்கிறார்கள். பயிற்றுநரை நோக்கி நீட்டிய விரல் எங்கே திரும்புகின்றது பாருங்கள்.

ஆதலின் சில சொல்லத் துணிகின்றோம். பயிற்றுநரோடு கலந்து பேசியே சொல்லுகின்றோம். அவரும் பெரும்பாலும் உடன்பட்டார், சிலவற்றுக்குச் சிரித்தார். காற்றுத் துணையிருக்கும் பாதியில் ஐவர் வரிசை நால்வர் வரிசையாதல் வேண்டும். எஞ்சிய ஒருவன் நடுவட்டத்துத் தலைவியின் தனிமையைத் தீர்க்கட்டும். எதிர்காற்றுப் பாதியில் உயர உதைப்பதை அறவே மறந்து, நிலத்துப் பந்தாய் ஆடப் பழக வேண்டும். அதற்கு ஆண்டொன்று பிடிக்கும். அவ்வாண்டில் மூன்று, நான்கு என வாங்கவும் கூடும். வலப்பக்கத்தான் ஓடினால், 'திரும்பு, திரும்பு' என்று வேலியோரத்திலிருந்து கத்தலாகாது. ஊர்க் கழகங்களோடு பயிற்சி ஆட்டங்கள் ஆட வேண்டும். தோற்போம் என்று தெரிந்தே ஆட வேண்டும். பேசாலைப் பக்கத்துக் கழகமொன்று எம்மை அழைத்து இரண்டாண்டுகளாயின. தோற்றாற் பெயர் கெடும் என்று மறுத்தோம். இனி மறுக்கலாகாது.

எம்பங்குக்கு, இத்தவணை தொடக்கம் கட்டுரைக் கொப்பிகளில் இரு மை பயன்படுத்துகின்றோம். பிழைக்குச் சிவப்பு, துணிவுக்குப் பச்சை. பச்சைப் பேனா இன்னும் பெரும்பாலும் நிறைந்தே இருக்கின்றது.

முன்கள வீரனைக் கண்டும் பேசினோம். அவன் கேட்ட கேள்விக்கு அன்று தப்பியோடினோம் என்பதை அவனிடமே ஒப்புக்கொண்டோம். ஆசிரியர் ஒருவர் அப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை போலும். மணலைக் காலாற் கிளறியபடி நின்றான். 'ஆரேன் கூட வருவினமா சேர்? தனிய நிக்கேலாது' என்றான். இருவர் வருவர் என்று வாக்களித்துள்ளோம். பயிற்றுநரும் வாக்களித்துள்ளார்.

பழைய மாணவராகிய அன்பர்களிடம் ஒரு வேண்டுகோளுண்டு. பந்தல் அமைக்கவும், சட்டை வாங்கவும், சோடா வழங்கவும் நீங்கள் செய்யும் உதவியை இக்கல்லூரி மறவாது. ஆனால் ஆட்ட நாளில் நீங்கள் எல்லாரும் எங்கே நிற்கின்றீர்கள் என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எம் கோற்கம்பத்தின் பின்னே திரண்டு நின்று, 'பாத்து, பாத்து, அடிச்சு விடு' என்று எம் பின்கள வீரர்க்கு அச்சமூட்டுகின்றீர்கள். யாமும் அங்கேதான் நின்றோம். இம்முறை சோளகம் எழும்பிப் போட்டிகள் தொடங்கும்பொழுது, நாமெல்லாரும் மைதானத்தைச் சுற்றி நடந்து மறுபக்கம் போவோம். எதிரணிக் கோலின் பின்னே ஒரு பூவரச மரம் நிற்கின்றது. நிழலும் அங்குதான் கூட. இடைவேளைக்குப் பின்பு பக்கம் மாறுமே என்பீர்கள். அப்பொழுது மீண்டும் நடப்போம்.